ஆற்றின் சாட்சி

எட்டு வருஷம் சம்பளமில்லாமல் உழைத்த ஒரு விஞ்ஞானியை நம் தோழர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் 1907-ல் பிறந்த ரூத் பாட்ரிக் அம்மையார்தான் அவர். 1934-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1937-ல் பிலடெல்பியா இயற்கை விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். 1945-ல்தான் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிற்று! கூலியின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1948-ல் விஞ்ஞானிகளைத் திரட்டிக்கொண்டு பென்ஸில்வேனியாவின் கானஸ்டோகா ஆற்றை ஆராய்ந்தார். தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதித்தால் அந்த நேரத்துச் சேதிதான் தெரியும். அதிகாரி வருகிற நாளில் ஆலைக்காரன் கழிவு மதகை மூடிவிட்டால்? தண்ணீரோடு சாட்சியும் ஓடிப்போகும். ஆனால் கல்லில் ஒட்டிய பாசி எங்கே ஓடும்? டையாட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி உண்டு. நல்ல ஆற்றில் அதில் பல இனங்கள், ஒவ்வொன்றும் அளவாக இருக்கும். கழிவு கலந்தால் பல இனங்கள் மடியும். தாங்குகிற ஒன்றிரண்டு மட்டும் மண்டிப் பெருகும். பூச்சி, மீன்களையும் சேர்த்து எண்ணி இதை அவர் எடுத்துக் காட்டினார். ஆற்றில் கண்ணாடிச் சில்லுகளை வைத்து, படியும் பாசியை எண்ணும் கருவியையும் செய்தார்.

இதே அம்மையார் 1975-ல் டூபாண்ட் ரசாயனக் கம்பெனியின் டைரக்டர் போர்டில் அமர்ந்தார். கம்பெனிகளோடு சேர்ந்தே ஆற்றைக் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நமக்கு அது ஒப்பவில்லை. முதலாளி போட்ட நாற்காலியில் இருந்துகொண்டு எவ்வளவு கடிந்து பேச முடியும்? அதற்காக அவர் கண்ட உண்மையைத் தள்ளிவிடுவோமா? மாட்டோம். 2013-ல், 105 வயதில் அவர் மறைந்தார். எண்ணும் வித்தை கம்பெனிக்குச் சொந்தமல்ல. மதகுக்கு மேலே எத்தனை இனம், கீழே எத்தனை இனம் என்று ஆற்றங்கரைக்காரன் எவனும் கேட்கலாம்.