கடைசிப் படியில் நிதானம்

மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டு குணமடைந்தோர் சிலர், "இனி எதற்கு இந்தக் குளிசை?" என்று ஒரே நாளில் நிறுத்திவிடுவதுண்டு. சில நாட்களில் தலை சுற்றும். மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்தாற் போன்ற அதிர்வு தோன்றும். விபரீதக் கனவுகள் வரும். காரணமின்றிக் கண்ணீரும் கோபமும் பொங்கும். "பழைய நோய் திரும்பிவிட்டதே" என்று வீட்டார் கலங்குவதை நாம் காண்கின்றோம். பல வேளைகளில் அது நோயன்று. மருந்துக்குப் பழகிய மூளை, அஃதின்றி இயங்கப் பழகும் தவிப்பேயாம்.

மருந்தைக் குறைத்த சில நாட்களுக்குள், முன்னறியாத உடற்குறிகளோடு வருவது பெரும்பாலும் இத்தவிப்பே. பழைய நோயோ வாரங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டுவதே வழக்கம்.

2019 ஆம் ஆண்டில் ஹொறோவிற்ஸ், டெய்லர் என்னும் இரு அறிஞர்கள் 'லான்செற் சைக்கியாற்றி' என்னும் இதழில் இதன் நுட்பத்தை விளக்கினர். இவ்வகை மருந்துகளின் சிறிய அளவே மூளையிற் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே சிற்றலோப்பிராம் என்னும் மருந்தில் 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்குவதிலும், 5இலிருந்து சூனியத்துக்கு இறங்குவதே பெரிய வீழ்ச்சி.

ஆதலின் நாம் வற்புறுத்துவது இது: நிறுத்தலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே துணிக. அளவைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்; முடிவை நெருங்க நெருங்கப் படிகளும் சிறிதாதல் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது தகாது. தாங்கவியலாத தவிப்பு நேரின், வைத்தியரின் சொற்படி முந்திய படிக்குத் திரும்புவதில் தோல்வியில்லை. உயிரை வெறுக்கும் எண்ணம் எழுமாயின் ஒரு கணமும் தாமதியாது உதவி நாடுக.

வீட்டாரும், "மனத்திடம் இல்லை" என்று பழிக்காது, பொறுமையோடு துணை நிற்றல் வேண்டும். மாதங்கள் சென்றாலென்ன? மெல்ல இறங்குபவர் இடறி விழுவது அரிது.