மூழ்கக் கூடிய பாதை

சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்கா என்றதுமே நீர்நாய்ப் படங்கள் வந்து விழும். நிதி கேட்கும் கோப்பில் அவற்றைச் சேர்க்காதவர் நம்மில் யார்? ஆனால் ஆற்றங்கரைப் பூங்கா அமைப்பவர்கள் அங்கே போனால் முதலில் பார்க்க வேண்டியது நடைபாதை எந்த மட்டத்தில் கிடக்கிறது என்பதைத்தான்.

காலாங் ஆறு அந்த இடத்தில் 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. மழைநீரைத் தேங்கவிடாமல் தள்ளிவிடுவது ஒன்றே அதன் வேலை. பக்கத்திலேயே 1988-இல் உருவான பூங்கா. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்துடையது. கால்வாயின் கொள்ளளவைக் கூட்டவேண்டிய நேரமும் பூங்காவைப் புதுப்பிக்கவேண்டிய நேரமும் ஒன்றாக வந்தன. வழக்கப்படி செய்திருந்தால் ஒரு துறை சுவரை உயர்த்தியிருக்கும், இன்னொன்று புதுக் கல் பதித்திருக்கும். இரண்டு துறைகளும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான், என் கணக்கில், இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய பொறியியல்.

ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம் வடிவமைத்த பூங்கா 2012 மார்ச்சில் திறக்கப்பட்டது. கால்வாய் இப்போது சுமார் 3 கி.மீ. வளைந்து ஓடும் ஆறு. முன்பு 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த அகலம், வெள்ளத்தின்போது 100 மீட்டர் வரை விரியலாம். நீரைக் கொண்டுசெல்லும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியிருக்கிறது.

அந்த அகலத்துக்கு இடம் எங்கிருந்து வந்தது? பூங்காவிலிருந்துதான். மழையில்லாத நாளில் ஆறு நடுவில் மெலிந்து ஓடும். இருபுறமும் புல்சரிவு, தாழ்வான பாதை, தாண்டிப்போகக் கற்கள். பெருமழையில் அதே பாதையும் கற்களும் நீருக்கடியில் போய்விடும், நடப்பவர்கள் சரிவேறி மேலே வந்துவிடவேண்டும். நாமோ பாதையை அசையாத கோடாக முதலில் வரைந்துவிடுகிறோம். அதைக் காக்கச் சுவர் வேண்டும். சுவர் எழுந்ததும் ஆறு குறுகும். குறுகிய ஆற்றை மக்கள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு ஆற்றங்கரை நடைபாதை என்று பெயர்ப்பலகை வேறு.

கரையைப் பிடித்திருப்பவை செடிகளும் கற்களும் மண்சுருட்டுகளும். இந்த உயிர்ப்பொறியியல் முறைகள் ஐரோப்பாவில் பழகியவை. வெப்பமண்டலச் செடிகளின் வேர் சிங்கப்பூரின் வேகமான நீரில் தாங்குமா என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. அதனால் 2009-இல் பூங்காவின் ஒரு பக்க வாய்க்காலில் 60 மீட்டர் நீளத்தில் பத்து முறைகளைச் சோதித்தார்கள். தோற்றால் 60 மீட்டரோடு போகும். அவற்றில் ஏழு முறைகள் ஆற்றுக்குப் போயின. நாணலும் வெட்டிவேரும் மண்ணைப் பிடிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தச் சரிவில், என்ன வேகத்தில், நட்டு எத்தனை மாதத்தில் என்று அளந்து எழுதிய தாளைக் கேட்டால்தான் மேசை காலியாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கட்டடங்கள் நெருங்கிய நீர்ப்பிடிப்பில் நீர்மட்டம் சட்டென்று ஏறும். ஆகவே அங்கே நீர்மட்ட உணரிகள், எச்சரிக்கை விளக்குகள், சைரன், உயிர்காப்பு மிதவைகள் எல்லாம் உண்டு. வரைபடத்தை நகலெடுத்துவிட்டு இவற்றின் பராமரிப்புச் செலவை மதிப்பீட்டில் விட்டுவிடுபவர், கால்வாயைக் கால்வாயாகவே விட்டிருக்கலாம், வேலியாவது மிஞ்சியிருக்கும். இன்னொன்று: ‘இயற்கை திரும்பியது’ என்ற தலைப்பும் முழு உண்மையல்ல. ஒவ்வொரு வளைவும் கணக்குப் போட்டு வெட்டியது. பூங்காவைத் தாண்டிக் கீழே போனால் கான்கிரீட் கரைகள் மீண்டும் வந்துவிடும்.

பெயர்த்த கால்வாய்ப் பாளங்களை வீணாக்காமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாகக் குவித்திருக்கிறார்கள். அங்கே போகும் வாசகர்கள் அதில் ஏறி நின்று, மழை வந்தால் எந்தப் பாதை முதலில் மறையும், எது கடைசியில் என்று வரிசைப்படுத்தி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.