கத்தரிக்காய் மேல் பழி

தல்லாகுளத்தில் யாராவது உதடு வீங்கி ஆபீஸுக்கு வந்தால் பத்து நிமிஷத்தில் மூணு வைத்தியர்கள் கிடைப்பார்கள். 'ராத்திரி கத்தரிக்காய் சாப்பிட்டீங்களாண்ணே?' என்பார் பக்கத்து சீட். 'காணாக்கடிங்க, வேப்பிலை அடிச்சாப் போயிரும்' என்பார் பியூன். அக்கவுண்ட்ஸ் அம்மா கைப்பையிலிருந்து ஒரு அவில் மாத்திரையை நீட்டுவார். பாதிக்கு மேல் பலித்தும் விடும். அலர்ஜி என்றால் அவிலுக்கு அடங்கும்.

அடங்காத வீக்கம் ஒன்று உண்டு. அரிக்காது. தோலில் தடிப்பு இருக்காது. உதடு, இமை, நாக்கு, கை என்று இஷ்டத்துக்கு வீங்கி, ரெண்டு மூணு நாளில் தானே வடியும். அப்புறம் திரும்ப வரும். குடலில் வந்தால் வயிற்றுவலியில் உருள வைத்து, அப்பென்டிசைட்டிஸோ என்று ஆபரேஷன் டேபிள் வரை கொண்டுபோகும். தொண்டையில் வந்தால் மூச்சே அடைக்கலாம். ஆஞ்சியோஎடீமா என்று பெயர். ஒரே குடும்பத்தில் 5 தலைமுறையாக இது வந்ததை 1888-லேயே டாக்டர் ஆஸ்லர் எழுதிவிட்டார்.

ஆனால் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், நாற்பது தாண்டியபின் புதுசாக ஆரம்பித்தால்? அது வேறு கதை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும்போது தல்லாகுளம் பெருமாள் கோவில் பக்கம் நின்றிருக்கிறீர்களா? கயிறு பிடிக்கும் போலீஸ்காரர் இருக்கிறவரைதான் கூட்டம் ஓரமாக நிற்கும். ரத்தத்தில் அந்த வேலை சி-1 இன்ஹிபிட்டர் என்ற புரதத்துக்கு. அது குறைந்தால் பிராடிகைனின் என்ற வஸ்து பெருகி, ரத்தக்குழாய் கசிந்து, நீர் சதைக்குள் இறங்குகிறது. அவில் மறிப்பது ஹிஸ்டமினை. இங்கே ஹிஸ்டமினுக்கு வேலையே இல்லை. பாவம், அவில் என்ன செய்யும்?

சரி, போலீஸ்காரர் எங்கே போனார்? 1972-ல் கால்ட்வெல் என்பவரும் சகாக்களும், நிணநீர்ப் புற்றுநோய் இருந்த ஒருவரிடம் இந்தக் குறைவைக் கண்டார்கள். பி-செல் என்கிற வெள்ளை அணுக்களில் ஒரு கும்பல் கட்டுமீறிப் பெருகினால், அந்தக் களேபரத்திலேயே புரதம் செலவாகிவிடுகிறது. இன்னொரு வழி இன்னும் அநியாயம். கிருமியைப் பிடிக்கவேண்டிய ஆன்டிபாடி, சொந்தப் போலீஸ்காரருக்கே விலங்கு மாட்டிவிடும்! ரெண்டும் தனித்தனி வியாதி என்றுதான் முதலில் பிரித்தார்கள். அந்த ஆன்டிபாடியைத் தயாரிப்பதும் பல சமயம் அதே கும்பல்தான் என்பது பிறகு தெரிந்தது.

சிலருக்கு வீக்கம் முதலில் வரும். ரத்தக் கோளாறு வருஷங்கள் கழித்துத் தலைகாட்டும். உதடு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுகிறது. நாம் கத்தரிக்காயை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அபூர்வமான வியாதிதான். அதைவிட அதிகம் பார்க்கக்கூடிய காரணம் உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்'லில் முடியும் பி.பி. மாத்திரைகளும் பிராடிகைனினைத் தேக்கி இதே மாதிரி வீங்க வைக்கும். டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பிறகு சி-4 என்ற ரத்த டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். அது குறைவாக இருந்தால் சி-1 இன்ஹிபிட்டர், சி-1க்யூ என்று மேலே பார்ப்பார்கள். சி-1க்யூவும் குறைந்திருந்தால் பரம்பரை வகையல்ல, பாதியில் வந்த வகை என்று சந்தேகம் வலுக்கும்.

அவசரத்துக்கு ஐகாட்டிபான்ட் ஊசி, சி-1 இன்ஹிபிட்டர் ஊசி இருக்கின்றன. கிடைக்காத இடத்தில் பிளாஸ்மா ஏற்றுவார்கள். அடியில் இருக்கும் பி-செல் கும்பலை ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தால் ஒடுக்கினால் பலருக்கு வீக்கமும் நின்றுபோகிறது.

ஒன்று மட்டும். குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ அவில், வேப்பிலை, சூப்பரின்டெண்டென்டிடம் லீவு லெட்டர் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஆட்டோவைப் பிடித்துக் கோரிப்பாளையம் தாண்டிப் பெரியாஸ்பத்திரி போய்விடுங்கள். லெட்டரைப் பக்கத்து சீட் எழுதிக்கொள்ளட்டும்.