தண்டவாளம் யாருடையது?



செயற்கை நுண்ணறிவைப் பற்றி உலகத்துப் பெரிய மனிதர்கள் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசும் பேட்டிகள் இப்போது ஏராளமாக வருகின்றன. நம் பிள்ளைகள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு, சரக்கு அடுக்கும்போதே ஒரு பேட்டியைக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். நாமும் அவர்கள் உதவியோடு சிலவற்றைக் கேட்டோம். சரித்திரம், பொருளாதாரம், அரசியல் எல்லாம் அதில் வருகிறது. யந்திரம் மனிதனை மிஞ்சுமா, எத்தனை பேருக்கு வேலை போகும், அமெரிக்கா முந்துமா சீனா முந்துமா என்று வாதாடுகிறார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நமக்கு எழுகிற கேள்வி வேறு. இந்த யந்திரம் யாருக்குச் சொந்தம்? சொந்தக்காரரே நமக்கு எதிர்க்கடையும் போட்டிருந்தால் நம் கதி என்ன?

இது புதிய கேள்வி அல்ல. 1872-ல் அமெரிக்காவின் மண்ணெண்ணெய் வியாபாரிகள் இதே கேள்வியை ரயிலைப் பார்த்துக் கேட்டார்கள். அந்தக் கதையை நம் தொழில் செய்பவர்கள் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற ஊரில் 1859-ல் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. அங்கே எடுத்த கச்சா எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக ரயிலேறி கிளீவ்லாந்து நகரத்துக்குப் போகும். அங்கே சுத்திகரித்து விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் ஆக்குவார்கள். அந்த நகரத்தில் ஜான் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைத் தவிர, 26 சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. யாராயிருந்தாலும் பெரிய அளவில் சரக்கை நகர்த்தப் பெரும்பாலும் ரயிலைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இந்த நிலையில் மூன்று பெரிய ரயில் கம்பெனிகளும் ராக்பெல்லர் உள்ளிட்ட சில ஆலைக்காரர்களும் சேர்ந்து ரகசியமாக ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் அது நடந்தது. ரயில் வாடகையை எல்லோருக்கும் உயர்த்துவது, கூட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு பங்கைத் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு. கிணற்றுப் பகுதியிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஒரு பீப்பாய்க்கு 80 சென்ட் வாடகை என்றால் அதில் 40 சென்ட் அவர்களுக்குத் திரும்பி வரும். இதுவரை சரி, அதிகச் சரக்கு ஏற்றுபவர் தள்ளுபடி கேட்பது எந்த ஊரிலும் உள்ளதுதான், நாமும் கேட்கிறோம். அடுத்த ஷரத்துதான் விஷமம். போட்டிக்காரர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் கட்டிய வாடகையிலிருந்து 40 சென்ட் இவர்களுக்கு வரும்! பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கும் லாரி வாடகையில் பாதி நம் கல்லாவில் வந்து விழுவது போல.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. யார், எவ்வளவு சரக்கு, யாருக்கு அனுப்பினார் என்ற வே-பில் விவரத்தை ரயில் கம்பெனிகள் இந்தக் கூட்டுக்குத் தர வேண்டும். நம் பார்வையில் தள்ளுபடியைவிட இதுவே பெரியது. பணத்தைப் பறிகொடுத்தவர் மறுபடி சம்பாதிக்கலாம். தன் பேரேட்டை எதிராளி தினம் படிக்கிறான் என்றால் அவர் எந்த விலையை வைத்து எப்படி வியாபாரம் செய்வது?

பிப்ரவரி 1872-ல் விஷயம் வெளியே கசிந்தது. டைட்டஸ்வில் வட்டாரமே கொதித்தது. கிணற்றுக்காரர்கள் கூட்டம் போட்டு, அந்தக் கூட்டுக்கு ஒரு பீப்பாய்கூடக் கொடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் ரயில் கம்பெனிகள் பணிந்து ஒப்பந்தத்தை ரத்து செய்தன. மாநிலச் சட்டசபை அந்தக் கம்பெனியின் உரிமத்தையும் பறித்தது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஒரு பீப்பாய்கூட ரயிலேறவில்லை.

வியாபாரிகள் ஜெயித்தார்கள் என்று இத்தோடு கதையை முடிக்க முடியவில்லை. அதே ஆறு வாரத்துக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 ஆலைகளில் 22-ஐ ராக்பெல்லர் வாங்கிவிட்டார். இப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்ற பயமே போதுமானதாக இருந்தது. அமலுக்கு வராத ஏற்பாடு, வந்த ஏற்பாட்டின் வேலையைச் செய்து முடித்தது.

ராக்பெல்லர் வெறும் தந்திரக்காரர் என்று சொல்வது நியாயமாகாது. கழிவை வீணாக்காமல் விற்றார், பீப்பாயைக்கூடத் தாமே செய்து செலவைக் குறைத்தார். மண்ணெண்ணெய் விலையும் இறங்கியது. நுகர்வோருக்கு லாபம்தானே, உங்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல் என்று இன்று நம்மைக் கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். நமது பதில் இதுதான்: திறமையால் விலை குறைத்தவரோடு போட்டி போடலாம், தோற்றாலும் தலைகுனிய வேண்டியதில்லை. வழியை அடைத்துக்கொண்டு ஜெயிப்பவரோடு எதை வைத்துப் போட்டி போடுவது?

இதை மாற்றியது பொருளாதார மேதைகள் அல்ல, விவசாயிகளும் சிறு வியாபாரிகளும். சிகாகோவில் தானியக் கிடங்குக்காரர்கள் வைத்ததே கட்டணம் என்று இருந்தபோது, விவசாயிகளின் நெருக்கடியால் இல்லினாய்ஸ் மாநிலம் 1871-ல் கிடங்கு வாடகைக்கு உச்சவரம்பு விதித்தது. மன், ஸ்காட் என்ற கிடங்குக்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். பொதுமக்கள் எல்லோரும் சார்ந்திருக்கும் வழியில் ஒருவர் தன் சொத்தை வைத்திருந்தால், அதைக் கட்டுப்படுத்தச் சர்க்காருக்கு உரிமை உண்டு என்று 1877-ல் தீர்ப்பு வந்தது. 1887-ல் ரயில் வாடகையைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், ஆளுக்கொரு வாடகை கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்க 1906 வரை ஆயிற்று. ஸ்டாண்டர்டு ஆயிலை 34 கம்பெனிகளாகப் பிரிக்கும் தீர்ப்பு 1911-ல்தான் வந்தது. பிரித்த பிறகு ராக்பெல்லரின் பங்குகள் ஏறி அவர் இன்னும் பெரிய பணக்காரர் ஆனார் என்பது தனிக்கதை. டைட்டஸ்வில் கிளர்ச்சியில் கலந்துகொண்ட ஒருவரின் மகள் ஐடா டார்பெல், அப்போது 14 வயதுச் சிறுமி. 1902 முதல் பத்திரிகையில் தொடராக எழுதி அந்தக் கம்பெனியின் விவகாரங்களை ஊரறியச் செய்தவர் அவர்தான்.

இனி இன்றைய யந்திரத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லோரும் அது எழுதும் அழகைப் பார்க்கிறார்கள். அது ஓடும் தண்டவாளத்தைப் பார்ப்பவர் குறைவு. இந்த யந்திரத்துக்கு வேண்டிய பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கிடங்குகளில் பெரும்பங்கு அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் என்ற மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறது. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ கம்பெனியில் மைக்ரோசாப்ட் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் போட்டது. அதன் போட்டியாளரான ஆந்த்ரோபிக்கில் அமேசானும் கூகுளும் பணம் போட்டிருக்கின்றன. இவர்களில் அமேசான் பலசரக்கும் விற்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயிலும் ஆலையும் ஒரே கையில்.

வே-பில் விஷயமும் திரும்பி வந்திருக்கிறது. தன் தளத்தில் விற்கும் மற்ற வியாபாரிகளின் விற்பனை விவரத்தை வைத்துக்கொண்டே அமேசான் தன் சொந்தச் சரக்குக்குத் திட்டம் போடுகிறது என்று ஐரோப்பிய கமிஷன் 2020-ல் குற்றம் சாட்டியது. அந்த விவரத்தை அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று கம்பெனி கொடுத்த உறுதிமொழியை 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் அரசு வர்த்தகக் கமிஷன் 2023 செப்டம்பரில் வழக்குப் போட்டது. நாம் விலை ஏற்றினால் எந்தச் சரக்குக்கு மற்ற கடைக்காரரும் பின்னாலேயே ஏற்றுவார் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் முறையை அமேசான் வைத்திருந்ததாக அதில் ஒரு புகார். கம்பெனி மறுத்திருக்கிறது. கோர்ட் முடிவு எப்படியும் போகட்டும். விலையை ஏற்ற எதிராளியின் சுபாவத்தைப் படித்தால் போதும் என்று ஒரு கணக்கு இருக்க முடிகிறது அல்லவா, அதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது.

நீண்ட பேட்டிகளில் பேசுபவர்கள் இதை அதிகம் தொடுவதில்லை. தொட்டவர்களும் உண்டு. 2024-ல் நோபல் பரிசு பெற்ற டாரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன் இருவரும், புது யந்திரத்தின் பலன் தானாகப் பரவியதே இல்லை, கேட்டுப் பெறும் பலம் மற்றவர்களுக்கு இருந்த இடத்தில்தான் பரவியது என்று அதற்கு முந்தைய ஆண்டே புத்தகம் எழுதியிருக்கிறார்கள்.

நம் கடைகளில் பில் போடும் சாப்ட்வேர் இருக்கிறது. கம்பெனிகளுக்கு ஆர்டர் போடும் ஆப் இருக்கிறது. சில இலவசமாகவே வருகின்றன, வாங்கி மாட்டிக்கொள்கிறோம். எந்தத் தெருவில் எந்த எண்ணெய் மாதக் கடைசியில் சின்ன பாக்கெட்டாக நகர்கிறது என்பது நம் அனுபவத்தில் சேர்ந்த சொத்து. அது யாரிடம் போகிறது, யந்திரத்துக்கு அதைத் தீனியாகப் போடுகிறார்களா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2023-ல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் விவரத்துக்கானது. கடையின் கொள்முதல், விற்பனைக் கணக்கை அது காக்காது. பெரிய தளங்கள், தங்களிடம் விற்கும் வியாபாரிகளின் வெளியிடப்படாத விவரத்தை அவர்களோடு போட்டியிடப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. 2024 மார்ச் முதல் பெரிய கம்பெனிகள் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. அதே மாதம் டெல்லியிலும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. அதிலும் இதே போன்ற தடை சேர்க்கப்பட்டிருந்தது. இந்த ஷரத்தை விட்டுவிடக் கூடாது என்று சங்கங்கள் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும்.

யந்திரமே வேண்டாம் என்பது நம் கட்சி அல்ல. டைட்டஸ்வில்காரர்கள் யாரும் தண்டவாளத்தைப் பெயர்க்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே வாடகை, என் வே-பில் என்னோடு, என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தங்கள் பில்லிங் சாப்ட்வேர், ஆர்டர் ஆப் இவற்றின் ஒப்பந்த நகலைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். விற்பனை விவரத்தை மூன்றாம் நபருக்குக் கொடுக்கலாம் என்ற வரி அநேகமாகக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வரவும்.