பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்!



"பழைய இரும்பு சாமானுக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு வந்த வண்டிகளில் நம் தாத்தாக்களின் சைக்கிள்கள் எத்தனை போயிருக்கும்? ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாட்டுக்கொட்டகை மிச்சமிருக்கிற வீடுகளில் எட்டிப் பாருங்கள். தவிட்டு மூட்டைக்குப் பின்னால், கோழி உட்கார இடம் கொடுத்தபடி, துருப்பிடித்த ராடு பிரேக் வண்டி ஒன்று நின்றாலும் நிற்கும். அதை எடைக்குப் போடுவது தப்பு. பளபளவென்று பெயிண்ட் அடித்துப் புதுசாக்குவதும் தப்பு என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில் அது என்ன வண்டி என்று தெரிய வேண்டாமா? ஹேண்டில் பாருக்குக் கீழே, முன் கழுத்தில் இருக்கும் எம்பளத்தைத் துடையுங்கள். மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைத்த சின்னம் என்றால் பி.எஸ்.ஏ. பெடல் பல்சக்கரத்திலும் கம்பெனி அடையாளம் வெட்டியிருக்கும். நாரைத் தலைகள் தெரிந்தால் ராலே. ராலே என்றாலே இங்கிலாந்து என்று நினைத்துவிடாதீர்கள். வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே கம்பெனியும் அதைச் செய்தது. சீட்டுக்கு அடியிலோ, பெடல் அச்சுக்குக் கீழேயோ பிரேம் எண் குத்தியிருக்கும். பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், பெரும்பாலும் அதன் மேலேயே ஆண்டின் எண் பொறித்திருக்கும். ஆனால் ஒரே ஒரு பாகத்தை வைத்து வயசு சொல்லிவிடக் கூடாது. சக்கரம் மாறியிருக்கலாம். எல்லாச் சாட்சியும் ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் பெரியப்பா வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு ஹெர்குலிஸை வெளியே இழுத்தபோது பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இங்கிலீஷ் வண்டியா தம்பி?" என்பதுதான். எம்பளத்தைத் துடைத்ததும் இந்தியத் தயாரிப்பு என்று தெரிந்தது. "அட, நம்ம அம்பத்தூர் வண்டிதானா!" என்று கலைந்து போனார்கள்.

அந்தத் 'தானா'தான் என்னை இதை எழுத வைத்தது.

ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்காமில் பிறந்த கம்பெனி, உண்மைதான். ஆனால் 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1951-ல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாராகத் தொடங்கியது. 1964-ல் தொழிற்பேட்டை வருவதற்கும் முன்னால்! 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ், 1960-ல் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின். குழாய் ஒரு ஊரில், செயின் பக்கத்து ஊரில், வண்டி அதே ஊரில். வயலும் ஏரியுமாக இருந்த இடத்தில் ஷிப்டு சங்கு ஊதியது அப்படித்தான். ஏர் பிடித்த கைகள் பிரேம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டன. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள்தானே நம்மில் பலர்? பர்மிங்காம் என்றால் மரியாதை, அம்பத்தூர் என்றால் 'தானா'வா?

சரி, எப்படிப் பழுது பார்ப்பது? அவசரப்படக் கூடாது. பிரிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். இறுகிய நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு இடது மரை. வழக்கமான திசையில் சுற்றினால் இன்னும் இறுகும். மிதிக்க மிதிக்கப் பெடல் கழன்று விழாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. மெஷின் டிராயிங்கில் மனப்பாடம் செய்யும் 'லெஃப்ட் ஹேண்ட் திரெட்' இங்கே கையிலேயே புரியும். காட்டர் பின்னைச் சும்மா சுத்தியலால் அடித்தால் அச்சும் பால்ஸ் ஓடும் பாதையும் கெடும். கிராங்குக்கு அடியில் கனமான குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து அடியுங்கள்.

குரோம் மேலுள்ள துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே போதும். பெயிண்டைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். மெல்லிய சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் மெழுகு பாலிஷ் போடுங்கள். தங்கக் கோடும் பழைய எழுத்தும் மெதுவாக வெளியே வரும். பிரேக் கட்டை, டயர், டியூப், பால்ஸ் இவற்றைத் தயங்காமல் புதுசாகப் போடுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. பிரேமில் விரிசல் இருந்தால் ஓட்டவே கூடாது. மற்றதெல்லாம் பழசாகவே இருக்கட்டும். கேரியரில் கயிறு தேய்ந்த தழும்பு, எத்தனை அரிசி மூட்டை, எத்தனை பால் கேன் சுமந்தது என்பதற்கான சாட்சி. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் வண்டி புதுசாகும், கதை செத்துப்போகும்.

"இதுக்கு ஆகிற செலவுல புது வண்டியே வாங்கிடலாமே" என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் புது வண்டி நமக்கு ஓட்ட மட்டும்தான் கிடைக்கும். பழையது தொழிலைக் கற்றுக்கொடுக்கும். கழற்றி மாட்டக் கூடியதாக ஒரு பொருளைச் செய்தவர்கள், பிறகு வருகிறவன் மேல் நம்பிக்கை வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு பழைய சைக்கிளாவது நம் ஒர்க்ஷாப்புக்கு வரட்டும். மெக்கானிக்கல் மட்டுமல்ல, எல்லாத் துறை மாணவர்களும் கை வைக்கட்டும். முடித்த வண்டியைக் கண்ணாடிக்குள் பூட்டாமல், பஸ் வராத ஊரிலிருந்து நடந்து வரும் ஒரு முதலாமாண்டு மாணவரிடம் கொடுப்போம். அம்பத்தூர் வண்டி அம்பத்தூர் சாலையில் மறுபடி மணியடித்துக்கொண்டு ஓடட்டும்!