கஸூவுக்கு எதற்குக் கட்டுக்கதை?

குழந்தைகளுக்கான இசை முகாம் என்றாலே இப்போதெல்லாம் குரலால் ஒலிக்கும் சின்ன வாத்தியமான கஸூவை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விலையும் குறைவு, பழகவும் சுலபம். நல்ல விஷயம்தான். ஆனால் கூடவே ஒரு பொய்யையும் கொடுத்து அனுப்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1840களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், அலபாமா வெஸ்ட் என்ற கறுப்பினத்தவர் கஸூவுக்கு யோசனை சொன்னாராம். தடியஸ் வான் கிளெக் என்ற ஜெர்மன் கடிகாரக்காரர் அதைச் செய்துகொடுத்தாராம். 1852-ல் ஜார்ஜியா கண்காட்சியில் வைத்தார்களாம். இதற்கெல்லாம் ஒரு துண்டுச்சீட்டு ஆதாரம்கூடக் கிடையாது. கஸூ வாசிக்கும் ஒரு நையாண்டிக் குழு கிளப்பிவிட்ட கதை இது. மேடையில் சொன்னவரை வேடிக்கை, யாருக்கும் நஷ்டமில்லை. அதையே வரலாறு என்று அட்டையில் அச்சடித்து, வினாடி வினாவில் கேட்டு, பரிசும் கொடுக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

நான் சொல்லிக்கொடுக்கப் போன ஒரு முகாமிலும் இதே அட்டை. "இது நடக்கவே இல்லைங்க, எடுத்துடுங்க" என்றேன். "விடுங்க சார், பசங்க ரசிக்கிறாங்க. கஸூவோட சரித்திரத்தை யாரு சரிபார்க்கப் போறாங்க?" என்றார் அமைப்பாளர். சின்ன வாத்தியம்தானே, சின்னப் பிள்ளைகள்தானே என்று இரண்டு பக்கமும் இளக்காரம்.

உண்மைக் கதை சப்பென்று இருந்தாலாவது மனசு ஆறும். அப்படியும் இல்லை. கஸூவை வெறுமனே ஊதினால் சத்தம் வராது. வாயில் வைத்து, குரல் கொடுத்துப் பாட வேண்டும். மேலே வட்டமான வாய்க்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அந்தக் குரலுக்கு அதிர்ந்து, அதைக் கரகரப்பாக்கி வெளியே விடும். சீப்பில் பட்டர் பேப்பரைச் சுற்றி உதட்டில் வைத்துப் பாடினால் வருவதும் இதே ஒலிதான். இந்த நுட்பம் ஆப்பிரிக்காவில் வெகுகாலமாக இருக்கிறது. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் பலஃபோன் என்ற வாத்தியத்தின் அடியில் தொங்கும் சுரைக்குடுவையில் துளை போட்டு, சிலந்தி முட்டைக்கூட்டின் சவ்வை அதில் ஒட்டுவார்கள். முகமூடிச் சடங்குகளில் குரலை மாற்றிக்காட்டவும் இப்படிப்பட்ட சவ்வுக் கருவிகள் உண்டு. ஐரோப்பாவில் வெங்காயத்தோல் போன்ற சவ்வு கட்டிய குழலைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-லேயே எழுதிவிட்டார். வட இந்தியாவில் நியஸ்தரங்கம் என்ற சவ்வுக் குழலைத் தொண்டையின்மேல் வைத்து வாசித்தார்கள். அமெரிக்காவில் கஸூ என்ற பெயரோடு காப்புரிமை பெற்றவர் வாரன் ஃப்ராஸ்ட், 1883-ல். இன்று கையில் பிடிக்கும் உலோக வடிவத்துக்கு ஜார்ஜ் ஸ்மித் 1902-ல் காப்புரிமை வாங்கினார். நியூயார்க் மாநிலத்து ஈடன் என்ற ஊரில் 1916 முதல் அதைத் தயாரித்தார்கள்.

இத்தனையும் இருக்க, பிறக்கவே பிறக்காத ஒருவருக்கா புகழ்மாலை? கறுப்பினத்தவரைக் கௌரவிக்கிறோம் என்று சமாதானம் வேறு சொல்கிறார்கள். சுரைக்குடுவையில் துளையிட்டு, சிலந்திக்கூட்டைப் பதம் பார்த்து ஒட்டிய கைவினைஞர்கள் எத்தனை தலைமுறை! அவர்களுக்குப் போக வேண்டிய மரியாதையை ஒரு கிண்டல் பாத்திரத்தின் காலடியில் கொட்டிவிட்டு, இது கௌரவமாம்.

முகாம் நடத்துகிறவர்களே, அடுத்த முறை அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பலஃபோனின் படம் ஒன்றைப் போடுங்கள். ஆளுக்கொரு சீப்பும் தாளும் கொடுத்துப் பாடவிடுங்கள். சவ்வு ஏன் அதிர்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தயாராக வாருங்கள்.