சூடம் அணைத்த சத்தியமும் மூளை அலைச் சோதனையும்

ராசா – தோட்டத்தில் நகை காணாமல் போனால் முனியாண்டி கோயில் முன்பு சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்ன காலத்தை இவ்வட்டார மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கை நடுங்கியவர் மீது சந்தேகம் விழும். ஊர் கூடிப் பார்க்கிறதே என்று கூச்சத்தில் நடுங்கியவரும் அதே கணக்கில் சேர்ந்துவிடுவார்.

பொய் கண்டறியும் கருவியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. துடிப்பு, மூச்சு, வியர்வை ஆகியவற்றைத்தான் அது அளக்கிறது, பொய்யை அல்ல.

இக்குறைக்கு மாற்றாக 1959இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் வேறு வழி சொன்னார். "நீ திருடினாயா?" என்று கேட்க வேண்டாம். நகை அரிசி டின்னிலா, பால் வாளியிலா, கூரை இடுக்கிலா என்று வரிசையாகக் கேட்டால், இடம் தெரிந்தவரின் உடல் சரியான விடைக்கு மட்டும் தனியாக அசையும். ஜப்பானியக் காவல் துறை இம்முறையையே பின்பற்றுகிறது. ஆனால், அந்த இடம் வெளியே கசிந்திருக்கக் கூடாது. காலையில் நடந்தது மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும் நம் குடியிருப்புகளில் அதை யார் காப்பது?

இந்தியாவில் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, மூளை அலைச் சோதனையையும் சான்றாக ஏற்றது. விசாரணையில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் செய்து அறிந்ததையும் அந்த அலைகள் பிரித்துக் காட்டுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2010 மே 5இல், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், சம்மதமின்றி இத்தகைய சோதனைகள் நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்றது இந்திய உச்ச நீதிமன்றம். சம்மதித்தாலும் முடிவு நேரடிச் சான்றாகாது. ஆனால் அதன்வழி கண்டெடுக்கப்படும் பொருள், 2024 வரை நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி ஏற்கப்படலாம் என்றது. நம் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலும் அதே எண்ணில் அப்பிரிவு இருக்கிறது. இரண்டும் ஒரே வார்ப்பு.

"தப்பு செய்யலன்னா எதுக்குப் பயம்?" லாக்கப்பில் இருக்கும் இளைஞனிடம் இப்படிக் கேட்டு வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்பது கடினம். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதிலளிக்க மறுக்க இடம் தருகிறது. விசாரணைக்கு முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம் என்பதைக் காவல் துறை தெரிவிக்க வேண்டும் என்கிறது 28ஏ பிரிவு. பிள்ளையைத் தேடி நிலையத்துக்குப் போகும் பெற்றோர், கையெழுத்து வாங்கியது வழக்கறிஞர் வந்த பிறகா, வருவதற்கு முன்பா என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.